மண்டேலா – டாம்போ வழக்கறிஞர் நிலையம்

ஜோகன்னஸ்பர்க் நகரின் மாஜிஸ்திரேட்டு நீதிமன்றத்துக்கு எதிரே சான்சலர் ஹவுஸ் என்னும் சிறிய மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. நீதியைக் குறிக்கும் சலவைக்கற் சிலைகள் வீதியின் ஒருபுறம், இக்கட்டடம் மறுபுறம். அதன் மேல்மாடி அறைக் கதவில் 1952ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ‘மண்டேலாவும் டாம்போவும்’ எனப் பொறித்த பித்தளைப் பலகை ஒன்று அறையப்பட்டது. தென்னாப்பிரிக்கா முழுவதிலும் கறுப்பின வழக்கறிஞர்கள் கூட்டாக நடத்திய நிலையம் அக்காலத்தில் இஃது ஒன்றே. ‘முதலாவது’ என்று இதனைச் சொல்வாரும் உளர். அது சற்று மிகை. ஆல்பிரட் மங்கேனா, பிக்ஸ்லி சேமே ஆகிய கறுப்பின வழக்கறிஞர்கள் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அந்நாட்டில் தொழில் தொடங்கிவிட்டனர். ஆதலின் ‘அன்று இருந்த ஒரே நிலையம்’ என்பதே பொருந்தும்.

நெல்சன் மண்டேலாவைச் சிறைக் கைதியாகவும், பின்னர்க் குடியரசுத் தலைவராகவும் உலகம் அறியும். வழக்குக் கட்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு நீதிமன்றப் படியேறிய ஏறத்தாழ எட்டு ஆண்டுகளை அறிந்தோர் குறைவு. கொடிய சட்டத்தின் கீழ் ஒரு வழக்கறிஞரால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதை அந்த ஆண்டுகளே தெளிவாகக் காட்டுகின்றன. ஊரார் வழக்கைச் சுமப்பவர் வீடு என்ன ஆகிறது என்பதும் அவற்றில் அடங்கியிருக்கிறது.

இருவரும் நாட்டின் கிழக்குப் பகுதியில் சிற்றூர்களிற் பிறந்தவர்கள். ஆலிவர் டாம்போ 1917இல் பிசானா வட்டாரத்தில் பிறந்தார். மண்டேலா 1918இல் இம்வேசோ என்னும் சிற்றூரில் பிறந்தார். இருவரும் ஃபோர்ட் ஹேர் கல்லூரியில் படித்தனர்; மாணவர் கிளர்ச்சிகளின் காரணமாக வெவ்வேறு ஆண்டுகளில் அங்கிருந்து வெளியேறினர். டாம்போ பின்னர் ஜோகன்னஸ்பர்க்கில் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் அறிவியலும் கணிதமும் கற்பித்தார். அதிகம் பேசாதவர், சமயப் பற்று மிக்கவர், ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவாக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். மண்டேலா 1941இல் அந்நகருக்கு வந்தார். லாசர் சிடெல்ஸ்கி என்னும் யூத வழக்கறிஞர் அவரைப் பயிற்சிக் குமாஸ்தாவாகச் சேர்த்துக்கொண்டார். கறுப்பின இளைஞர் ஒருவரை அவ்வாறு சேர்த்துக்கொள்ளும் நிலையங்கள் அந்நாளில் மிக அரிது. தம் பழைய சூட்டு ஒன்றையும் 50 பவுன் கடனையும் கொடுத்த சிடெல்ஸ்கி, அரசியல் பக்கம் போகவேண்டா என்று அறிவுரையும் கொடுத்தார். சூட்டு ஐந்தாண்டுகள் உழைத்தது. அறிவுரை அத்தனை நாள் நிற்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டத் தேர்வில் மண்டேலா தேறாமற் போய், வழக்கறிஞர் தகுதித் தேர்வை எழுதியே தொழிலில் நுழைந்தார். பட்டம் 1989இல் கிடைத்தது. அப்போதும் அவர் கைதிதான்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழக்கறிஞராகப் பதிவு பெற்ற ஒருவரே கட்சிக்காரரைச் சந்திக்கலாம், பத்திரம் எழுதலாம், உயர்நீதிமன்றத்தில் எழுந்து வாதாடவும் செய்யலாம். தென்னாப்பிரிக்காவில் அன்று இவ்வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. கட்சிக்காரரை நேரிற் கண்டு வழக்கை ஏற்பவர் அட்டர்னி. மேல்நீதிமன்றத்தில் வாதாடுபவர் அட்வகேட். அட்டர்னி மாஜிஸ்திரேட்டு நீதிமன்றம் வரையில்தான் வாதாடலாம். மண்டேலாவும் டாம்போவும் அட்டர்னிகள். ஆகையால் சாதாரண மக்களின் அன்றாட வழக்குகள் அவர்களிடமே முதலில் வந்து சேர்ந்தன.

அந்த அன்றாட வழக்குகள் எத்தகையவை என்பதை அறிய, அக்காலத்துச் சட்டங்கள் சிலவற்றை அறிதல் வேண்டும். 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, இரண்டே ஆண்டுகளில் மக்கட் பதிவுச் சட்டத்தையும் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தையும் இயற்றியது. முதற் சட்டம் ஒவ்வொரு மனிதரையும் வெள்ளையர், கலப்பினத்தார், ஆப்பிரிக்கர் என்று பட்டியலில் ஏற்றியது. இந்தியர் நிலையும் அவ்வாறே வகுக்கப்பட்டது. இரண்டாவது, எந்த இனத்தார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், கடை வைக்கலாம் என்று வரையறுத்தது. 1952இல் வந்த சட்டம் ஒன்றின் பெயர் கேட்போரை மயக்கும். ‘அனுமதிச் சீட்டு ஒழிப்புச் சட்டம்’ என்பது அதன் பெயரின் தொடக்கம். பழைய சீட்டுகளை ஒழித்தது உண்மையே. அவற்றுக்குப் பதிலாக 16 வயது கடந்த ஆப்பிரிக்கர் ஒவ்வொருவரும் விரல்ரேகை பதித்த குறிப்பேடு ஒன்றை எந்நேரமும் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. சட்ட மொழியில் சொல்லும் பொருளும் இவ்வளவு தூரம் விலகி நிற்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. அதே ஆண்டின் மற்றொரு சட்டப்படி, உரிய தகுதியோ அனுமதியோ இல்லாத ஆப்பிரிக்கர் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் குற்றம். தகுதி என்பது அங்கேயே பிறந்து தொடர்ந்து வாழ்ந்திருத்தல். அல்லது ஒரே முதலாளியிடம் 10 ஆண்டு வேலை செய்திருத்தல். அல்லது 15 ஆண்டு சட்டப்படி குடியிருந்திருத்தல். இதைத் தாள்களைக் காட்டித்தான் மெய்ப்பிக்க வேண்டும். எழுத்தறியாத தொழிலாளி தாளுக்கு எங்கே போவார்?

ஆகவே காலையில் வேலைக்கு வரும்போதே வழக்கறிஞர் இருவரும் தம் மேசையை அடைவது பெரும்பாடாயிருந்தது. காத்திருப்போர் அறை நிரம்பி, நடைவழி நிரம்பி, மாடிப்படிகளிலும் மக்கள் நின்றனர். குறிப்பேட்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தவர், தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்திலிருந்து துரத்தப்பட்ட குடியானவர், வீட்டுச் செலவுக்காகப் பீர் காய்ச்சிய கிழவி, வெள்ளையருக்கென ஒதுக்கிய வாயிலில் நுழைந்தவர் எனப் பலரும் அங்கே நின்றனர். இவர்களுள் குற்றவாளி என்று உலகம் சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. மற்றவர் யாவரும் சட்டம் இயற்றப்பட்டதனாலேயே குற்றவாளியானவர்கள். அங்கே தட்டெழுத்தாளராக இருந்த ரூத் மொம்பாட்டி என்னும் பெண்மணி பிற்காலத்தில் விடுதலை இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராகி, நாட்டின் தூதராகவும் பணியாற்றினார். ஒவ்வொரு நாளும் அத்தனை துயரங்களைத் தாளில் பதிவு செய்தது அவருக்கு ஒரு கல்வியாகவே அமைந்திருக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் இருவர் போக்கும் வேறு. டாம்போ அமைதியாக, சட்டப் பிரிவுகளை அடுக்கி வாதாடுபவர். மண்டேலா ஆறடி உயரம், நேர்த்தியான உடை, உரத்த குரல். குறுக்கு விசாரணையில் நாடகத் திறமும் கலந்திருக்கும். எசமானியின் துணிகளைத் திருடியதாக ஒரு வேலைக்காரப் பெண்மீது வந்த வழக்கை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். திருட்டுப் பொருள்கள் மேசைமீது பரப்பப்பட்டிருந்தன. அவற்றிலிருந்த உள்ளாடை ஒன்றைப் பென்சில் முனையால் தூக்கிக் காட்டி, ‘அம்மணி, இது தங்களுடையதா?’ என்று கேட்டார். மன்றம் நிறைந்திருந்தது. அந்த அம்மையார் நாணத்தால் இல்லையென்று விட்டார். வழக்கு தள்ளுபடியாயிற்று. சிரிக்கத்தக்க கதைதான், ஆனால் வேலைக்காரப் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பில்லாத மன்றத்தில் இப்படி ஒரு தந்திரம்தான் அவளைக் காப்பாற்ற முடிந்தது என்பது சிரிப்பதற்குரியதன்று.

மற்றொரு வழக்கு இன்னும் ஆழமானது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்டுத் திரும்பிய கலப்பினத்தார் ஒருவரை, அதிகாரி ஒருவர் ஆப்பிரிக்கர் என்று பதிந்துவிட்டார். பதிவு மாறினால் வீடு மாறும், வேலை மாறும், குழந்தைகள் படிக்கும் பள்ளியும் மாறும். மண்டேலா மேல்முறையீட்டுக் குழுமுன் ஆவணங்களையும் சாட்சியையும் வைத்தார். குழுத் தலைவரோ அவற்றை விட்டுவிட்டு, அந்த மனிதரைத் திரும்பி நிற்கச் சொன்னார், தோள்கள் சரிந்திருப்பதைப் பார்த்தார், தலையசைத்தார். சரிந்த தோள் கலப்பினத்தாரின் அடையாளம் என்பது அவர்களிடையே நிலவிய நம்பிக்கை. கட்சிக்காரர் வென்றார்.

இங்கேதான் இந்நிலையத்தின் நெருக்கடி இருக்கிறது. மனிதரை இனவாரியாகப் பிரிக்கும் சட்டமே தகாதது என்று மேடையிற் பேசுபவர் மண்டேலா. அதே மண்டேலா, ‘இவர் ஆப்பிரிக்கர் அல்லர், கலப்பினத்தார்’ என்று அச்சட்டத்தின் சொற்களைக் கொண்டே வாதாட வேண்டியிருந்தது. வழக்கை ஏற்றால் சட்டத்தை ஒப்புக்கொண்டது போலாகும்; ஏற்காவிட்டால் ஒரு குடும்பம் அழியும். இப்புதிரை அவர் தம் நூலில் மறைக்கவில்லை. கொள்கையின் தூய்மையைக் காக்க எதிரே அழுதுகொண்டு நிற்பவரைத் திருப்பி அனுப்புவது எளிது. அவ்வெளிய வழியை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே அவர்களுக்குப் பெருமை.

வழக்கறிஞர் என்ற பதவி அவர்களைக் காக்கவும் இல்லை. வெள்ளைச் சாட்சிகளுட் சிலர் கறுப்பின வழக்கறிஞரின் கேள்விக்கு விடையளிக்க மறுத்தனர். அவமதிப்புக் குற்றம் சாட்டுவதற்குப் பதிலாக, மாஜிஸ்திரேட்டு அக்கேள்வியைத் தாமே திரும்பக் கேட்டு விடை வாங்கினார். ஒரு சிறு நகரத்தில் மாஜிஸ்திரேட்டு மண்டேலாவைப் பார்த்து, வழக்கறிஞர் என்பதற்குச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார். சான்றிதழைச் சட்டமிட்டு அலுவலகச் சுவரில் மாட்டி வைப்பதுதான் வழக்கம். சட்டைப் பையில் யாரும் கொண்டு வருவதில்லை. அவரை மன்றத்திலிருந்து வெளியேற்றியதன் பேரில் தகராறு வளர்ந்து, முடிவில் அவ்வழக்குக்கு வேறு மாஜிஸ்திரேட்டு அமர்த்தப்பட்டார்.

நிலையத்தில் பயிற்சி பெற்ற காட்ஃபிரி பிட்ஜேயின் வழக்கு சட்ட வரலாற்றிலேயே இடம் பெற்றுவிட்டது. போக்ஸ்பர்க் நீதிமன்றத்தில் வெள்ளை வழக்கறிஞருக்கு ஒரு மேசை, பிறருக்குத் தனி மேசை. பிட்ஜே தனி மேசைக்குப் போக மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. 1960இல் நாட்டின் மிக உயர்ந்த மேல்முறையீட்டு மன்றமும் அத்தண்டனையை உறுதி செய்தது. அந்த மேசையிலிருந்தும் வழக்கை அதேபோல நடத்தியிருக்கலாமே என்பது மன்றம் கண்ட நியாயம். நீதிபதிகள் மேசையைப் பார்த்தார்கள். அங்கே உட்காரச் சொல்லப்பட்ட மனிதரைப் பார்க்கவில்லை.

அலுவலகத்துக்கும் இதே கதிதான். சான்சலர் ஹவுஸ் இந்தியர்களுக்குச் சொந்தமானது. நகரின் நடுவில் ஆப்பிரிக்கர் வாடகைக்கு அறை பிடிக்கக்கூடிய மிகச் சில கட்டடங்களுள் ஒன்று. அங்கே தொழில் நடத்த அரசாங்க இசைவு வேண்டும். தற்காலிக அனுமதி ஒன்று கிடைத்தது. கெடு முடிந்ததும் புதுப்பிக்க மறுத்துவிட்டனர். நகருக்கு வெளியே பல மைல் தொலைவிலுள்ள ஆப்பிரிக்கர் குடியிருப்புக்குப் போய்த் தொழில் நடத்துமாறு கூறினர். கட்சிக்காரர்கள் வேலை நேரத்தில் அங்கே வருவது இயலாத காரியம். இருவரும் வெளியேற மறுத்து, எந்நேரமும் வழக்கு வரலாம் என்ற அச்சத்தோடு அங்கேயே இருந்தனர். நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில், சட்டத்துக்குப் புறம்பாகக் குடியிருந்து சட்டத்தொழில் நடத்திய விந்தை வேறெங்கும் கேட்டதில்லை.

1952 ஜூன் 26இல் தொடங்கிய சட்டமறுப்பு இயக்கத்தில் 8,000க்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். தொண்டர் படைத் தலைவராயிருந்த மண்டேலாவுக்கு அந்த டிசம்பரில் ஒன்பது மாதத் தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்தி வைக்கப்பட்டது. இதைக் காரணம் காட்டி, திரான்ஸ்வால் சட்டச் சங்கம் 1954இல் அவர் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்க மனுச் செய்தது. ஜோகன்னஸ்பர்க் வழக்கறிஞர் மன்றத்தின் தலைவரான வால்டர் பொல்லக் கட்டணமின்றி மண்டேலாவுக்காக வாதாடினார். தம் மக்களின் நலம் கருதி ஒருவர் அரசியற் சட்டத்தை மீறியது, தொழிலுக்குரிய நாணயத்தைக் கெடுப்பது ஆகாது என்று நீதிபதி ராம்ஸ்பாட்டம் தீர்ப்பளித்து, மனுவைத் தள்ளினார்; செலவையும் சங்கத்தின்மீதே சுமத்தினார். அந்நாட்டு நீதிமன்றங்கள் முற்றிலும் அடிமைப்பட்டுப் போகவில்லை என்பதற்கு இத்தீர்ப்பைக் காட்டலாம். பிட்ஜே வழக்கையும் பக்கத்தில் வைத்துத்தான் காட்ட வேண்டும்.

தமிழ் வாசகர்க்கு இவ்விடத்தில் காந்தியடிகள் நினைவு வருதல் இயல்பு. 1894இல் அவரைச் சேர்க்கக்கூடாது என்று நேட்டால் சட்டச் சங்கம் எதிர்த்தது, நீதிமன்றம் சேர்த்துக்கொண்டது. இதே ஜோகன்னஸ்பர்க்கில் 1903 முதல் அவரும் வழக்கறிஞர் அலுவலகம் நடத்தினார். இதே ஊர் நீதிமன்றத்தில் குற்றவாளியாகவும் நின்றார். ஆனால் 1922இல் இந்தியாவில் தண்டிக்கப்பட்டபோது, லண்டன் இன்னர் டெம்பிள் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. அது மீண்டும் சேர்க்கப்பட்டது 1988இல்தான்.

இனி வீட்டு நிலை. மண்டேலா 1944இல் எவலின் மாசே என்னும் செவிலியை மணந்தார். சட்டம் படித்த காலத்தில் அவர் ஊதியத்தில்தான் குடும்பம் நடந்தது. நிலையம் வளர்ந்தபோது, பகலில் நீதிமன்றம், மாலையில் கூட்டம், இரவில் ஆலோசனை என்று கணவர் வீட்டுக்கு விருந்தினர் போலானார். ‘அப்பா எங்கே குடியிருக்கிறார்?’ என்று சிறுவன் தெம்பி தாயைக் கேட்டதாக மண்டேலாவே எழுதியிருக்கிறார். எவலின் யெகோவா சாட்சிகள் சபையில் சேர்ந்து சமயத்தில் ஆழ்ந்தார். கணவர் அரசியலில் ஆழ்ந்தார். பிள்ளைகளை யார் பக்கம் வளர்ப்பது என்பதே சண்டையாயிற்று. மண்டேலா சொல்லும் காரணம் இது. எவலின் சொன்ன காரணங்கள் வேறு; புறக்கணிப்பும் பிற பெண்களின் நட்பும் அவற்றுள் அடங்கும். கணவர் தம்மை அடித்ததாகவும் மனுவில் குற்றஞ்சாட்டினார், மண்டேலா மறுத்தார். பெரியவர் வரலாற்றை எழுதுவோர் ஒரு பக்கத்துக் கதையை மட்டும் சொல்லிச் செல்வது முறையன்று.

1956 டிசம்பர் 5ஆம் நாள் விடியற்காலையில் நாடெங்கும் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். குற்றம் தேசத் துரோகம். தண்டனை தூக்காகவும் இருக்கலாம். குற்றஞ்சாட்டப்பட்ட 156 பேருள் மண்டேலா, டாம்போ இருவரும் இருந்தனர். ஜாமீன் தொகையிலும் இனவேற்றுமை: வெள்ளையருக்கு 250 பவுன், இந்தியருக்கு 100, ஆப்பிரிக்கருக்கும் கலப்பினத்தாருக்கும் 25. டாம்போவுக்கும் அடிலெய்டு என்னும் செவிலிக்கும் அந்த டிசம்பர் 22இல் திருமணம் நிச்சயமாகியிருந்தது. ஜாமீன் கிடைத்ததால் குறித்த நாளிலேயே திருமணம் நடந்தது. குருத்துவப் பயிற்சிக்குப் பேராயர் இசைந்திருந்ததும் அதே ஆண்டில்தான். அது பின்னர் நிறைவேறவே இல்லை. மண்டேலா சிறையிலிருந்து வீடு திரும்பியபோது வீடு வெறுமையாயிருந்தது. எவலின் பிள்ளைகளோடு போய்விட்டார். சன்னல் திரைகளையும் எடுத்துச் சென்றிருந்தார். 1958இல் மணவிலக்கு ஆயிற்று.

டாம்போ மீதான குற்றச்சாட்டு ஓராண்டில் விலக்கிக்கொள்ளப்பட்டதால், நிலையத்தின் சுமை முழுவதும் அவர் தோளில் விழுந்தது. மண்டேலாவின் விசாரணை 1958 ஆகஸ்டில் பிரிட்டோரியாவுக்கு மாற்றப்பட்டது. நாள்தோறும் பேருந்தில் போய்வருவதிலேயே பல மணி நேரம் கழிந்தது. அங்கே குற்றவாளிக் கூண்டிலிருந்தோர்க்கு நண்பகல் உணவு சமைத்தளித்தவர் தையநாயகி பிள்ளை என்னும் தமிழ்ப் பெண்மணி. காந்தியடிகளின் சத்தியாக்கிரகத் துணைவர் தம்பி நாயுடுவின் மகள் அவர். தந்தை சிறை சென்றார். மகள் சிறைப்பட்டோர்க்குச் சோறிட்டார்.

நடைவழியெல்லாம் மக்கள் நின்ற நிலையத்தில் கூட்டம் குறைந்தது. வழக்கறிஞரே கூண்டில் நிற்கும்போது கட்சிக்காரர் எத்தனை நாள் காத்திருப்பார்? உம்டாட்டாவில் வாங்கிய மனைக்குச் செலுத்த வேண்டிய மிச்சம் 50 பவுனைக் கட்ட இயலாமல் மண்டேலா அம்மனையை இழந்தார். இந்நிலையில்தான் வின்னி மடிகிசேலா என்னும் மருத்துவமனைச் சமூகப் பணியாளரை மணந்தார். டாம்போவின் பிசானா வட்டாரத்தவர் அவர். முதல் சந்திப்பில் மண்டேலா அவரை அலுவலகத்துக்கு அருகிலிருந்த இந்திய உணவு விடுதிக்கு அழைத்துச் சென்றார். கறியின் காரம் தாங்காமல் வின்னி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தாராம். திருமணம் 1958 ஜூன் 14. ஊரைவிட்டு நகரத் தடை இருந்ததால், மாப்பிள்ளைக்கு ஆறு நாள் விடுப்பு அளிக்கப்பட்டது. குடும்பம் வின்னியின் ஊதியத்தில் நடந்தது. அக்டோபரில் பெண்களுக்கு அனுமதிச் சீட்டு விதிப்பதை எதிர்த்துக் கருவுற்றிருந்த வின்னியும் சிறை சென்றார். அந்த வேலையும் போயிற்று. கைதான பெண்களுக்கு ஜாமீன் ஏற்பாடு செய்தவை மண்டேலா – டாம்போ நிலையத்தின் கைகளே.

1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் போலீசார் சுட்டு 69 பேர் மாண்டனர். அம்மாத இறுதியில் இயக்கத்தின் கட்டளைப்படி டாம்போ எல்லையைக் கடந்தார். அவசரநிலை அறிவிக்கப்பட்டு மண்டேலா பிரிட்டோரியாச் சிறையில் அடைக்கப்பட்டார். பலகை இருந்தது, இருவருமே இல்லை. நிலையத்தைக் கணக்குத் தீர்த்து மூட நண்பரான வழக்கறிஞர் ஒருவர் முன்வந்தார். அவருக்கு உதவ, வார இறுதிகளில் மண்டேலாவை ஜோகன்னஸ்பர்க்குக் கொண்டுவர அதிகாரிகள் இசைந்தனர். பகலில் சான்சலர் ஹவுஸில் கட்டுகளைப் பிரித்துக் கணக்குப் பார்ப்பார். இரவில் போலீஸ் நிலையக் கொட்டடியில் படுப்பார். காவலுக்கு வந்த சார்ஜெண்டு கைவிலங்கிடவில்லை. கீழ்த்தளக் கடைக்குத் தனியே போய்வர விட்டார். வின்னி வந்தால் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஓடிப்போய் அவரைத் துன்பத்தில் மாட்டிவிடுவதில்லை என்பது மண்டேலாவின் பக்கத்து உடன்பாடு. எழுதப்படாத அந்த உடன்பாட்டை இருவருமே மீறவில்லை.

அவசரநிலை நீங்கியபின், அகமது கத்ராடாவின் கோல்வாட் ஹவுஸ் 13ஆம் எண் வீட்டில் மண்டேலா தனியே தொழில் நடத்தினார். கட்சிக்காரர்கள் முன்கூடத்தை நிரப்பிவிட, வீட்டுக்காரர் சமையலறைக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று. 1961 மார்ச் 29இல் துரோக வழக்கில் எஞ்சியிருந்த அனைவரும் விடுதலை பெற்றனர். மண்டேலா அதன்பின் தலைமறைவானார். 1962இல் பிடிபட்டு, 1964 ஜூன் 12இல் ஆயுள் தண்டனை பெற்றார். டாம்போ முப்பதாண்டுகள் அயல்நாடுகளில் இயக்கத்தை நடத்தி, 1990 டிசம்பரில் தாயகம் திரும்பினார். 1993 ஏப்ரலில் மறைந்தார். தீயினாலும் புறக்கணிப்பினாலும் பாழடைந்த சான்சலர் ஹவுஸ் பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டது.

மண்டேலா ராபன் தீவில் சுண்ணாம்புக் கல் உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்க மறுபடியும் ஒரு முயற்சி நடந்தது. தாமே எதிர்த்து வாதாடப் போவதாக அவர் எழுதினார். வழக்கைத் தயாரிக்கக் கல்லுடைக்கும் வேலையிலிருந்து விலக்கு வேண்டும். எழுத மேசையும் நாற்காலியும் நல்ல விளக்கும் வேண்டும். சட்ட நூலகத்தைப் பார்க்கப் பிரிட்டோரியாவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் கேட்டார். கடிதங்கள் பல போய்வந்தன. கடைசியில் எதிர்த்தரப்பார் அம்முயற்சியைக் கைவிட்டனர்.